லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால்

முதலில் சாமானைக் கட்டாதீர்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து என் கடைக்கு வருகிற எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். இலங்கை மலையகத்தில், ஹட்டனில் நீதிமன்றத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு கம்பியூட்டர், உட்கார ஒரு வாங்கு. தமிழிலும் சிங்களத்திலும் டைப் செய்து கொடுப்பேன். 17 வருஷமாக மனு, சத்தியக்கடதாசி, முறைப்பாட்டுக் கடிதம் என்று இதே வேலை. திங்கட்கிழமை காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சேலை முந்தானையில் நாலாக மடித்த கடதாசி இருக்கும். "தங்கச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு பாரும்மா. நாளைக்கே போகணுமா?" என்று கேட்பார்கள். கேட்கிறபோதே பாதிச் சாமானைக் கட்டிவிட்டுத்தான் வந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கட்டினோம். 2004இல் அப்பாவுக்கு வயது முடிந்து செக்ரோல் என்கிற தோட்டத்து வேலையாள் பதிவில் பேரை வெட்டினார்கள். அண்ணன் கொழும்பில் ஹோட்டல் வேலை, நான் டவுனில் டைப்பிங் படித்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் பேர் பதிந்தவர் யாரும் வீட்டில் இல்லை. நாங்கள் இருந்தது லயத்தின் கோடிக் காம்பரா, அதாவது கடைசி அறை, பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் இருந்த இஸ்தோப்பைப் பலகை அடித்து அப்பா இன்னொரு அறையாக்கியிருந்தார். ஒருநாள் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் மூன்று வரிக் கடிதம் வந்தது. பத்து நாளைக்குள் காம்பராவை ஒப்படைக்க வேண்டும் என்று கணக்கப்பிள்ளை வாசித்துச் சொன்னார். நாங்கள் ஆறாம் நாளே போய்விட்டோம். அப்புறம் நாலு வருஷம் அப்பா சித்தி வீட்டிலும் மாமா வீட்டிலும் மாறி மாறிப் படுத்தார். அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. வெறும் தோட்டக் கடதாசி. எந்தச் சட்டத்தின் பேரும் அதில் இல்லை, நீதிமன்றத்தின் பேரும் இல்லை. வேறு ஒருவருக்கு வந்த இதே மாதிரிக் கடிதத்துக்குச் சட்டத்தரணி ஒருவர் பதில் சொல்லச் சொல்ல நான் டைப் செய்த அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நாங்கள் அன்று போயிருக்கத் தேவையில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எந்தக் கடிதம் என்று பாருங்கள்

லயத்துக்கு வருகிற கடிதம் எல்லாம் ஒன்று போலவே தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பலம்.

முதலாவது, தோட்ட ஆபீஸ் கடிதம். மேலே கம்பனியின் பேரோ தோட்டத்தின் பேரோ இருக்கும், கீழே துரையின், அதாவது தோட்ட மனேஜரின், கையெழுத்து. "இத்தனை நாளைக்குள் ஒப்படைக்கவும்" என்பதோடு முடிந்துவிடும். இது ஒரு கோரிக்கை, அவ்வளவுதான். இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் கதவைத் திறக்கவோ, தகரத்தைக் கழற்றவோ, தண்ணீர்க் குழாயை வெட்டவோ முடியாது.

இரண்டாவது கடிதத்தில்தான் கவனம் வேண்டும். "1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறுதல்) சட்டம்" என்று அதில் எழுதியிருக்கும். சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருந்தால் 1979, 7 என்ற இரண்டு எண்களைத் தேடுங்கள். கையெழுத்துப் போட்டவர் "தகுதிவாய்ந்த அதிகாரி" என்று தன்னைச் சொல்லியிருப்பார். அது பிரதேச செயலாளராக இருக்கலாம், வேறு அரச அதிகாரியாக இருக்கலாம். சில நேரம் தோட்டத்துத் துரையே தகுதிவாய்ந்த அதிகாரியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார். இங்கேதான் சனம் குழம்பிப்போகிறது. போன மாதம் சும்மா கடிதம் கொடுத்த அதே துரை, இந்த மாதம் சட்டத்தின் பேரில் கடிதம் கொடுப்பார். ஆள் ஒன்றுதான், கடிதம் வேறு. இந்த அறிவித்தலில் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். இதை நேரில் தரலாம், பதிவுத் தபாலில் அனுப்பலாம், கதவில் ஒட்டிவிட்டும் போகலாம். கிழித்துப் போட்டால் வரவில்லை என்று ஆகிவிடாது.

மூன்றாவது, நீதவான் நீதிமன்றத்தின் அழைப்பாணை. அரசாங்க முத்திரை, வழக்கு இலக்கம், தவணைத் திகதி எல்லாம் இருக்கும். இது வந்துவிட்டால் அந்தத் திகதியைத் தவறவிடவே கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான்காவதாக ஒரு கடிதமும் வரும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை. அதற்கு வேறு பதில், அதையும் பின்னால் சொல்கிறேன்.

வந்த அன்றே செய்ய வேண்டியது

கடிதத்தைப் போனில் படம் எடுங்கள், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும். உறையையும் எடுங்கள். தபால் முத்திரைத் திகதி உறையில்தான் இருக்கும். கதவில் ஒட்டியிருந்தால், பிய்க்காமல் கதவோடு சேர்த்து ஒரு படம், பக்கத்து வீட்டுக்காரரை நிற்க வைத்து இன்னொரு படம். ஒரு முறை ஒரு அக்கா கொண்டுவந்த அறிவித்தல் கோதுமை மாப் பசையில் ஒட்டியது. இரண்டு நாள் மழைச் சாரலில் ஊறி, திகதி இருந்த இடத்தில் நீலக் கறை மட்டும்தான் மிச்சம். எந்த நாளில் இருந்து 30 நாளை எண்ணுவது என்பதற்கு எங்களிடம் ஒரு சான்றும் இல்லை. நல்ல வேளை, பக்கத்து வீட்டுப் பையன் ஒட்டிய அன்றே வாட்ஸ்அப்பில் யாருக்கோ படம் அனுப்பியிருந்தான். அதில் திகதி தெளிவாகத் தெரிந்தது.

நம் லயங்களுக்கு வீட்டு இலக்கம் கிடையாது. பல தோட்டங்களில் இன்னமும் நமக்கு வருகிற தபால் முதலில் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து ஆள் வழியாகத்தான் மலைக்கு வருகிறது. 5ஆம் திகதி வந்த பதிவுத் தபால் 19ஆம் திகதி உங்கள் கைக்கு வரும். கையில் கிடைத்த நாளை உறையின் மேல் பேனாவால் எழுதி, கொண்டுவந்தவரின் பேரையும் குறித்துவையுங்கள். சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். தவணைக்கு ஏன் வரவில்லை என்று நீதிமன்றம் கேட்டால் காட்ட உங்களிடம் இருக்கப்போவது இது ஒன்றுதான்.

அடுத்தது கையெழுத்து. ஆபீசுக்குக் கூப்பிட்டு ஒரு கடதாசியை நீட்டி, "கடிதம் கிடைச்சதுக்குத்தான், இதுல போடு" என்பார்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்தால் போடவே வேண்டாம். "பிள்ளைகிட்டக் காட்டிட்டு நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள். போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், கையெழுத்துக்கு மேலே தமிழில் "கடிதம் மட்டும் கிடைத்தது, காலி செய்யச் சம்மதமில்லை" என்று எழுதி, திகதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள். என் கைக்கு வந்த கடதாசிகளில் அதிகம் வயிற்றெரிச்சல் தந்தது இந்த வகைதான். முப்பது வருஷம் கொழுந்து எடுத்த கையால், "எனது விருப்பத்தின் பேரில் காலி செய்கிறேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. அதைப் போட்ட அம்மாவுக்கு என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது.

ஏன் நம் வீடு நம்முடையது இல்லை

இதைத் தெரிந்துகொண்டால்தான் எதைக் கேட்பது, எதைக் கேட்க முடியாது என்று விளங்கும். 1840இல் வெள்ளைக்காரன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தான். காடு, தரிசு, உறுதி (உரிமைப் பத்திரம்) காட்ட முடியாத நிலம் எல்லாம் முடிக்குரியது என்று கருதப்பட்டது. கோப்பித் தோட்டத்துக்கு மலை கிடைத்தது அப்படித்தான். அடுத்த வருஷமே, 1841இல், இரண்டு சட்டங்கள். 4ஆம் இலக்கம், அலைந்து திரிகிறவர்களைத் தண்டிக்க. 5ஆம் இலக்கம், வேலையை விட்டுப் போகிற கூலிக்காரனைச் சிறையில் போட. நிலத்தை எடுத்துக்கொண்டார்கள், நிலம் இல்லாமல் திரிந்தாலும் குற்றம், தோட்டத்தை விட்டு ஓடினாலும் குற்றம். மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்து வந்த நம் ஆட்கள் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் லயத்தில் குடியேறினார்கள்.

அப்புறம் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்கு வந்தது. நிலம் மட்டும் குத்தகைதான், சொந்தக்காரர் அரசாங்கம். அதனால் உங்கள் காம்பரா நிற்கிற மண் சட்டத்தின் கண்ணில் அரச காணி. 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், 2003இல்தான் மிச்சம் இருந்தவர்களுக்கும் அது முழுதாகக் கிடைத்தது. வாக்கு கிடைத்துவிட்டது, வீட்டுக்கு உறுதி மட்டும் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் வரவில்லை.

அதனால் "நாலு தலைமுறையாக இருக்கிறோம்" என்று மட்டும் நீதிமன்றத்தில் சொல்லாதீர்கள். மனசுக்கு அது பெரிய நியாயம். ஆனால் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு நீதவானின் கையைக் கட்டிவைத்திருக்கிறது. அரசாங்கம் சட்டப்படி கொடுத்த, இன்னும் செல்லுபடியாகிற அனுமதிப்பத்திரமோ வேறு எழுத்து மூல அதிகாரமோ இருந்தால் காட்டு, அதைத் தவிர வேறு எதையும் சொல்லி எதிர்க்க முடியாது என்கிறது அது. அறிவித்தல் கொடுத்த அதிகாரியைச் சாட்சி சொல்ல நீதவான் கூப்பிடவும் முடியாது. இது கொடுமையான சட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அதுதான் சட்டம். அதற்குத் தகுந்தபடி ஆயத்தமாக வேண்டும்.

கடதாசிகளைச் சேர்ப்பது

ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். கீழே சொல்வதில் என்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் போடுங்கள், எது உதவும் என்பதைச் சட்டத்தரணி முடிவு செய்யட்டும்.

"பசுமை பூமி" என்று அரசாங்கம் 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்குக் கொடுத்த பத்திரம் இருந்தால் அதுதான் முதலில். அது காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். ட்ரஸ்ட் (பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்) மூலம் வீட்டுக் கடன் எடுத்திருந்தால் அந்த ஒப்பந்தமும் சம்பளத்தில் வெட்டிய பற்றுச்சீட்டுகளும். இந்திய வீட்டுத் திட்டத்தில் வீடு கிடைத்திருந்தால் பயனாளியாகத் தெரிவான கடிதம், சாவி கொடுத்த அன்று தந்த எந்தக் கடதாசியானாலும். கூரை மாற்றவோ அறை இழுக்கவோ ஆபீஸ் எழுத்தில் அனுமதி தந்திருந்தால் அது. மின்சார பில். பிரதேச சபைக்கு ஏதாவது கட்டியிருந்தால் அந்தத் துண்டு. ஈ.பி.எஃப். இலக்கம் உள்ள சம்பளச் சிட்டை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தேர்தல் இடாப்பின் பிரதி, கிராம சேவகர் (ஜி.எஸ்.) தருகிற வதிவிடச் சான்றிதழ்.

பின்னால் சொன்னவை உங்களுக்கு உரிமை தராது. இத்தனை வருஷம் அங்கே இருந்தீர்கள் என்பதை மட்டும்தான் காட்டும். அதுவும் வேண்டும். நீதவானிடம் எடுபடாதது கொழும்பு நீதிமன்றத்தில் எடுபடலாம்.

தோட்டத்து ஆபீசில் கிடைக்காததை அரச அலுவலகத்தில் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார். "இந்தக் காணியின் குத்தகை யார் பேரில் இருக்கிறது, இந்த அறிவித்தலைக் கொடுக்க இவருக்கு அதிகாரம் கொடுத்த கடிதத்தின் பிரதி வேண்டும்" என்று எழுதிக் கொடுங்கள். தருவார்களா மாட்டார்களா என்பதை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். அது சலுகை இல்லை, அரசியலமைப்பில் இருக்கிற உரிமை. சிங்களத்தில் மட்டும் அறிவித்தல் வந்திருந்தால் அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

பதில் கடிதம்

தோட்ட ஆபீஸ் கடிதத்துக்குக் கட்டாயம் பதில் எழுதுங்கள். பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக ஒருநாள் சொல்வார்கள். 1979ஆம் ஆண்டுச் சட்ட அறிவித்தலுக்கு உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டிய கடமை அதிகாரிக்கு இல்லை. 1981இல் கொண்டுவந்த திருத்தம் அதை வெளிப்படையாகவே சொல்கிறது. ஒரு குடும்பத்தைத் தெருவில் விடுகிற விஷயத்தில், ஒரு வார்த்தை கேட்கக்கூடத் தேவையில்லை என்று சட்டத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். முதன்முதல் அதை டைப் செய்தபோது பிழையாக வாசித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனாலும் எழுதுங்கள். பின்னால் ரிட் (அறிவித்தலை ரத்துச் செய்யச் சொல்லும் மனு) போடும்போது, அன்றே ஆட்சேபித்தார்கள் என்பதற்கு அது சாட்சி.

நான் வழக்கமாக அடிக்கிற கடிதம் இவ்வளவுதான்:

"தங்களின் இன்ன திகதியிட்ட கடிதம் இன்ன திகதியில் எனக்குக் கிடைத்தது. நானும் என் குடும்பத்தினர் இத்தனை பேரும் இன்ன வருஷம் முதல் இந்த வீட்டில் வசித்து வருகிறோம். வேறு வீடோ காணியோ எங்களுக்கு இல்லை. வீட்டைக் காலி செய்ய நான் சம்மதிக்கவில்லை. தகுதியான நீதிமன்றம் ஒன்றின் கட்டளை இல்லாமல் என்னை வெளியேற்றவோ, வீட்டுக்குச் சேதம் விளைவிக்கவோ, தண்ணீர், மின்சாரத்தைத் துண்டிக்கவோ வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அதிகாரத்தில் இக்கடிதம் அனுப்பப்பட்டது என்பதைத் தமிழில் எழுத்து மூலம் அறியத் தரவும்."

கோபமாக எழுத வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். துரை அப்பா போன்றவர், தெய்வம் போன்றவர் என்று எழுதச் சொல்வார்கள். நான் எழுத மாட்டேன். அது வழக்கில் உங்களுக்கு எதிராகத்தான் போகும். அவர் கருணையில்தான் நீங்கள் இருந்தீர்கள் என்று ஆகிவிடும். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை மற்றப் பிரதியில் பின் குத்தி வையுங்கள். தோட்டத்து யூனியன் தலைவரிடமும் யூனியன் ஆபீசிலும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். ஆனால் "தலைவர் பார்த்துக்கிறேன்னு சொன்னார்" என்று வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். நல்ல தலைவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நாளை எண்ண வேண்டியது நீங்கள்தான்.

நீதிமன்றத்து நாள்

அழைப்பாணை வந்து நீங்கள் போகவில்லை என்றால், அன்றே வெளியேற்றக் கட்டளை போய்விடும். அதனால்தான் மேலே அவ்வளவு அழுத்திச் சொன்னேன். காய்ச்சலோ, கொழுந்து நாளோ, சாவு வீடோ, யாராவது ஒருவர் போய் நிற்க வேண்டும்.

எட்டரைக்கு முன்னால் போய்விடுங்கள். செருப்புப் போட்டுப் போங்கள், மலையிலிருந்து நேரே வந்த பூட்ஸ் வேண்டாம். போனை நிறுத்திவிடுங்கள். உள்ளே ஆரச்சி பேரைச் சத்தமாகக் கூப்பிடுவார். சிங்கள வாயில் நம் பேர் வேறு மாதிரித்தான் வரும். ஒரு மாமா தன் பேரைக் கூப்பிட்டது விளங்காமல் வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார். வழக்கு இலக்கத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போங்கள், இலக்கத்தைக் கேட்டு எழும்புங்கள். மொழி விளங்கவில்லை என்றால் "தமிழில் சொல்லுங்கள் ஐயா" என்று கேளுங்கள். மொழிபெயர்க்க முதலியார் இருப்பார்.

சட்டத்தரணி இல்லாமல் போயிருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "கௌரவ நீதவான் அவர்களே, காரணம் காட்டச் சட்டத்தரணி வைக்கத் தவணை வேண்டும்." மற்றதை அன்று பேச வேண்டாம். அழுகை வந்தால் அழுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் "எப்ப போவீங்க?" என்று கேட்டால் ஒரு திகதியைச் சொல்லிவிடாதீர்கள். பயத்தில் "தைப்பொங்கல் முடிஞ்சு போறோம்" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் உண்டு. அது பதிவாகிவிட்டால் அப்புறம் சட்டத்தரணி வந்தும் செய்ய அதிகம் இருக்காது.

பணம் இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நுவரெலியா, கண்டி, பதுளை என்று பெரிய நீதிமன்றங்களை ஒட்டி அவர்களுடைய நிலையங்கள் இருக்கின்றன. வருமானச் சான்றிதழை ஜி.எஸ்.இடம் முதலிலேயே எடுத்து வையுங்கள், ஒரு பயணம் மிச்சம். சட்டத்தரணியிடம் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: 1971ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தோட்டக் குடியிருப்புகள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்று. தோட்டக் குடியிருப்பைப் பற்றியே எழுதிய சட்டம் அது. டவுன் வழக்குகளே பார்க்கிறவர்களுக்கு அது உடனே ஞாபகத்துக்கு வருவதில்லை.

கட்டளை வந்த பிறகு

நீதவானின் வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை. ஆனால் வழி இல்லை என்று அர்த்தமில்லை. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம். வெளியேறும் அறிவித்தலையே ரத்துச் செய்யச் சொல்லி ரிட் மனுப் போடலாம். ரிட் மனுவை முன்பு மாகாண மேல் நீதிமன்றத்திலும் போட்டார்கள். 2013 செப்டெம்பர் 26இல் உயர் நீதிமன்றம், அரச காணி பற்றிய இந்த அறிவித்தலுக்கு எதிரான ரிட்டை விசாரிக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதுவும் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்து வழக்குத்தான். அதனால் இப்போது கொழும்பு புதுக்கடைக்குப் போய் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். நாட்கூலிக்காரருக்கு அது எவ்வளவு தூரம் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே இந்தப் பேச்சைக் கட்டளை வந்த பிறகு தொடங்காதீர்கள், 1979ஆம் ஆண்டுச் சட்ட அறிவித்தல் கிடைத்த வாரத்திலேயே சட்டத்தரணியிடம் தொடங்குங்கள்.

அடிப்படை உரிமை மீறல் என்று போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. கண்டியிலும் பதுளையிலும் அவர்களுடைய காரியாலயம் இருக்கிறது. 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சரி, நீதிமன்றக் கட்டளையே இல்லாமல் வந்து கூரையைக் கழற்றினால்? கைகலப்பு வேண்டாம். ஒரு தள்ளுமுள்ளு நடந்தால் வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும், அத்துமீறல், அடிதடி என்று. வீடியோ எடுங்கள், பிள்ளைகளையும் வயசானவர்களையும் அப்புறப்படுத்துங்கள், அன்றே பொலிசில் முறைப்பாடு கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். பொலிஸ் எழுத மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சர் காரியாலயத்துக்குப் போங்கள். முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்று சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போனால், திரும்பக் குடியேற்றச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இருக்கிறது. இரண்டு மாதம் சொந்தக்காரர் வீட்டில் அழுதுகொண்டே ஓடிவிடும். ஓட விடாதீர்கள்.

மண்சரிவுக் கடிதம் வந்தால் மட்டும்

போய்விடுங்கள். கொஸ்லாந்தை மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது நமக்குத் தெரியும். அங்கே முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு இடம்தான் கொடுக்கவில்லை. 2025 நவம்பர் டித்வா புயலில் திரும்பவும் மலைகள் இறங்கின. இந்த ஒரு கடிதத்தை எதிர்த்து உட்கார வேண்டாம்.

ஆனால் போகிறபோது சாவியை ஆபீசில் ஒப்படைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். "அனர்த்த அபாயம் காரணமாகத் தற்காலிகமாக வெளியேறுகிறேன், மீள்குடியேற்றப் பட்டியலில் என் குடும்பத்தின் பேரைச் சேர்க்கவும்" என்று ஜி.எஸ்.இடமும் பிரதேச செயலகத்திலும் எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். முகாமில் பேர் பதிகிறபோது குடும்பத் தலைவர் பேரை மட்டும் எழுதுவார்கள். ஒரே காம்பராவில் மூன்று குடும்பம் இருந்தால் மூன்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மூன்று குடும்பம் ஒரே வீட்டுக்குக் காத்திருக்க வேண்டி வருவது இந்த ஒரு வரியால்தான்.

தெருவில் நிற்க வேண்டி வந்தால்

எழுத மனசில்லாத பகுதி இது. ஆனால் நடக்கிறது. 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், நான் மேலே சொன்ன அதே சட்டம், இன்னும் உயிரோடு இருக்கிறது. சொந்தக்காரரின் அனுமதி இல்லாமல் விறாந்தையிலோ கொட்டிலிலோ ஆளில்லாத கட்டடத்திலோ வண்டியிலோ தங்கி, பிழைப்புக்கு வழியும் காட்டாமல், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கமும் தராதவரைப் பிடிக்கலாம் என்கிறது. பிச்சை கேட்பதும் அதில் குற்றம். 1907ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தடுப்பு இல்லச் சட்டம் வேறு இருக்கிறது. அதன் கீழ் அப்படிப்பட்டவரைத் தடுப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். வீட்டை எடுக்கவும் சட்டம் இருக்கிறது, வீடில்லாமல் விறாந்தையில் படுத்தால் பிடிக்கவும் சட்டம் இருக்கிறது.

இதில் காப்பாற்றுவது அந்த "விளக்கம்" என்ற சொல்தான். நான் யார், எங்கிருந்து வந்தேன், எதில் பிழைக்கிறேன் என்று காட்ட முடிந்தால் இந்தச் சட்டம் உங்கள் மேல் ஒட்டுவது கஷ்டம். அடையாள அட்டை, நாட்கூலி கொடுக்கிறவரின் பேரும் போன் இலக்கமும், வழக்கு நடக்கிறதென்றால் அதன் இலக்கம், "இவர் என் உறவினர், இந்த முகவரிக்கு வந்து போகிறார்" என்று சொந்தக்காரர் ஒருவர் எழுதிய கடிதம். ஜி.எஸ். கையெழுத்து அதில் இருந்தால் இன்னும் நல்லது. அடையாள அட்டை தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டையாவது வைத்திருங்கள்.

பிடித்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுபோக வேண்டும். "குற்றத்தை ஒத்துக்க, சின்னத் தண்டம்தான், அஞ்சு நிமிசத்துல போயிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். சட்ட உதவிச் சட்டத்தரணியைக் கேளுங்கள். தண்டம் சின்னதுதான், ஆனால் அது பதிவாகிவிடும். அடுத்த முறை பிடிபட்டால் இன்னும் பாரமான பிரிவில் கொண்டுபோக அதுவே போதும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து விறாந்தை ஒன்றில் படுக்கிற தாத்தா ஒருவர் எனக்குத் தெரிந்தவர். தோட்டத்தில் பேர் வெட்டி, மகன் வீட்டிலும் இடமில்லாமல் போனவர். இரண்டு முறை பொலிஸ் ஏற்றிக்கொண்டு போனது. இரண்டாவது முறைக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடதாசி தயாரித்தோம். அவர் காலையில் மூட்டை இறக்குகிற மரக்கறிக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். விறாந்தையின் சொந்தக்காரரிடம் கேட்டேன், கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் "இரவில் தங்க அனுமதித்திருக்கிறேன்" என்று ஒரு வரி எழுதித் தந்தார். அந்த ஒரு வரி இருந்தால் சட்டத்தில் சொன்ன "அனுமதி இல்லாமல்" என்பது விழுந்துவிடுகிறது. இரண்டையும் அடையாள அட்டைப் பிரதியோடு லெமினேட் செய்து கொடுத்தேன். பெனியனுக்குள் ஊசி குத்தி வைத்துக்கொள்கிறார். அப்படி ஒன்று வேண்டும் என்றால் வாருங்கள், லெமினேட்டுக்குக் காசு வாங்குவதில்லை.